அரங்கேற்றமும் சாற்றுகவியும்

ஒரு நூலின் முகத்தே நிற்கும் சிறப்புப் பாயிரம் இன்ன இன்னவற்றைக் கூறவேண்டும் என வகுக்கப் புகுந்த பவணந்தி முனிவர், ஆக்கியோன் பெயர் முதற் பயன் ஈறாக எட்டினை எண்ணி, அவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையுங் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்று அடுத்தே உரைத்தார். இவற்றுட் களம் என்பது அந்நூல் அரங்கேறிய அவை. நூலின் பொருளை ஆராய்வானுக்கு அஃது எவ்வவையில் யாவர் முன்னிலையிற் படிக்கப்பட்டது என்னும் செய்தியால் வரும் பயன் யாதோ எனச் சிலர் ஐயுறலாம். நிலம் விற்ற பத்திரத்தில் விற்றோன் கையெழுத்து மாத்திரம் அமையாது. சாட்சிகள் கையெழுத்தும் வேண்டும். அதுபோலவே, நூல் செய்தான் ஒருவன் சொல்லே அந்நூலுக்குச் சான்றாகாது. அதனைக் கேட்டு, வினாவி, விடை பெற்று, அமைந்தார் சிலர் உளர் என்பது தோன்றவேண்டும். அதற்கே களம் கூறப்பட்டது.

இக்காலத்தார் அரங்கேற்றம் என்ற சொல்லைக் கேட்ட அளவில், நாட்டியம் பயின்ற சிறுமியர் முதன்முறை மேடையேறும் விழாவினையே நினைக்கின்றனர். நூலரங்கேற்றம் என ஒன்றுண்டு எனக் கேள்வியால் அறிந்தாரும் அதனை மாலையும் பொன்னாடையும் வழங்கும் புகழ்ச்சி விழாவாகவே கருதுகின்றனர். மாலையும் ஆடையும் இறுதிநாளுக்கு உரியன. அதற்கு முன்னுள்ள நாட்களெல்லாம் கடாவுக்கும் விடைக்கும் உரியன. இவ்வேறுபாடு மறக்கப்பட்டமையாற் சாற்றுகவி என்னும் மரபும் தன் பொருளை இழந்தது என்பதே யாம் ஈண்டுக் காட்டப் புகுவது.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவைக்கண் அதங்கோட்டாசிரியர் கேட்ப அரங்கேறிற்று எனப் பனம்பாரனார் பாயிரத்தால் அறிகின்றோம். பாயிரம் சொல்வது இவ்வளவே. இதற்கு உரைவரைந்த நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு கூறுவர். அகத்தியனார் தொல்காப்பியனார்பாற் சினங்கொண்டு, அவர் செய்த நூலைக் கேளற்க என அதங்கோட்டாசிரியரைத் தடுத்தனராம். தொல்காப்பியனாரோ பன்முறை சென்று, யான் செய்த நூலைக் கேட்டருளல் வேண்டும் என இரந்தனர். இருவரையும் மறுக்கமாட்டாது இடர்ப்பட்ட அதங்கோட்டாசிரியர், கேட்பதும் கேட்டு, குற்றமுங் கூறி விடுவேமாயின் இருவர் வெகுளிக்கும் தப்பலாம் என்று கருதி, ஒவ்வோரிடத்தும் கடா நிகழ்த்தினார். தொல்காப்பியனார் அக்கடாக்கள் அனைத்துக்கும் விடை கூறினார். நூல் நின்றது.

இவ்வரலாறு உரையாசிரியர் செவிவழிக் கொண்டதாகலாம். அகத்தியனார் சினம் பாயிரத்தில் இல்லை. ஆயினும் இதனுட் பொதிந்த கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. நூல் செய்தவரே கேட்போர் வாயிலில் பன்முறை சென்று நிற்கின்றார். கேட்போர் குற்றங் காணும் கருத்துடனேயே அமர்கின்றார். அவர் கருதியது தம் இடர் நீங்குதல். விளைந்ததோ நூலின் உறுதி. மெல்லியராய்த் தலையசைத்துக் கேட்டிருப்பாராயின், அந்நூலுக்கு அவரால் ஆவது ஒன்றுமில்லை. மற்றொன்றும் காண்க: அதங்கோட்டாசிரியரும் பாயிரஞ் செய்த பனம்பாரனாரும் தொல்காப்பியனாரோடு ஒருங்கு கற்ற ஒருசாலை மாணாக்கர் என்பது வழிவழி வரும் செய்தி. ஆகவே கடாவினவரும் உடன்கற்றார். கடாவெல்லாம் தீர்ந்தபின் நூலின் சிறப்பை உலகிற்கு உரைத்தவரும் உடன்கற்றார். அயலான் ஒருவன் ஆண்டு இல்லை.

இதனையே நன்னூலார் விதியாக வகுத்தார். ஒருவன் நூலுக்குப் பாயிரஞ் செய்தற்கு உரியார், அவன் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணவன், அந்நூலுக்கு உரைசெய்யத் தக்கவன் என்னும் நால்வரே. செல்வமுடையான் என்றேனும், பதவியுடையான் என்றேனும், ஊரிற் பெயர் பெற்றவன் என்றேனும் அவர் கூறிற்றிலர். இந்நால்வரும் நூலின் உட்புகுந்தவர்கள். ஆசிரியன் நூல் செய்தானது குறையை இளமைதொட்டே அறிவான். உடன்கற்றோன் அவனோடு வாதிட்டுப் பழகியவன். மாணவன் அந்நூலைப் பாடங்கேட்டு ஐயம் வினவியவன். உரைகாரன் சொற்றோறும் நின்று பொருள் கண்டவன். குற்றம் அறியும் வாய்ப்புடையார்க்கே புகழும் உரிமை உண்டு என்பது இதன் கருத்தென்க. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கியதும் இதனை ஒட்டியதே.

கேட்போன் கடாவுதற்கு ஓர் அளவுகோலும் இருந்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலாகிய பத்துக் குற்றங்களைச் சிறுவர் பருவத்திலேயே நெட்டுருப் பண்ணியவர்கள் அக்காலப் புலவர்கள். பாடினவனும் அதனையே கற்றான். கேட்பவனும் அதனையே கற்றான். ஆதலின் இது மிகை என ஒருவன் சொல்லும்போது, அது தன்மேல் வைத்த பகை எனப் பாடினவன் கொள்ள இடமில்லை. பொதுவான கோல்கொண்டு அளந்தது அது. எனக்கு இது பிடிக்கவில்லை என்று மாத்திரம் சொல்லி ஏன் என்று சொல்லாது விடும் இக்கால வழக்கம் அவ்வவைகளில் எடுபட்டிராது.

மதுரைச் சங்கத்தே இறையனார் களவியலுக்கு உரை கண்ட வரலாறு இதற்கு ஒரு புறனடை போல்வது. புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரையே உரை என்று நின்றபோது, உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் என்னும் ஐயாட்டைச் சிறுவர், வாய்பேசாதவர், கேட்குநராய் அமர்த்தப்பட்டார். மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சிலவிடத்தும், நக்கீரனார் உரைத்தபோது பதந்தோறும் அவர் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் பொடித்தனர் என்பர். வாய்திறவாது நடந்த ஆராய்ச்சி அது ஒன்றே போலும்.

சைவவுலகம் நன்கறிந்த அரங்கேற்றம் கச்சியப்ப சிவாசாரியருடையது. காஞ்சிக் குமரகோட்டத்தே கந்தபுராணம் படிக்கத் தொடங்கிய அன்றே, முதற்செய்யுளின் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. திகழ் என்பதும் தசம் என்பதும் புணர்ந்து திகடசம் என வருதற்குத் தொல்காப்பியத்தும் விதி இல்லை, ஏனை வழக்கிலுள்ள நூல்களிலும் இல்லை. இவ்வாறு புணர்த்தல் வழுவாகும் என்பது தடை. ஆசிரியர் தக்க விடை கூறமாட்டாராயினர். அவை அன்று கலைந்தது. மறுநாட் சோழநாட்டினின்றும் வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை எடுத்துக்காட்டி, அதன் சந்திப் படலத்தில் இப்புணர்ச்சிக்கு விதியுண்மையை மெய்ப்பிக்க, அவையினர் ஏற்றனர். அப்புலவர் முருகப்பெருமானே என்பது அன்பர்கள் துணிபு.

இதில் யாம் போற்றுவது தடை நிகழ்த்தினாரது நேர்மையை. கோயிலர்ச்சகர் பாடியது, முருகன் திருவுள்ளத்தால் எழுந்தது என்று பாடியவரே கருதியது, முதலடி எடுத்துக்கொடுத்தவன் இறைவனே என்பது வழக்கு. அவ்வாறிருந்தும், சொல் வழுவெனின் வழுவே என நின்றனர் அவையினர். விதி காட்டப்பட்டதும் மறுபேச்சின்றி அமைந்தனர். விதி காட்டிய நூலோ பௌத்தராகிய புத்தமித்திரனார் 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து இயற்றியது. சைவப் புராணமொன்றன் முதற்சொல்லைக் காத்தது பௌத்தர் இலக்கணம் என்பதற்கு அவ்வவையில் ஒருவரும் நாணவில்லை. கந்தபுராணத்தின் காலத்தை ஆராய்வோர் இவ்வரலாற்றையும் ஒரு குறிப்பாகக் கொள்வதுண்டு.

இனி மடங்களின் செய்திக்கு வருவோம். சந்தானத்தின் தலைவாயிலிலேயே திருத்தத்தை ஏற்கும் முறை அமைந்துகிடக்கின்றது. சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றுத் தந்தையார்க்குக் குலகுருவாய் நின்ற முதியவர், ஆணவத்தின் உருவம் யாது என இளைஞராகிய மெய்கண்ட தேவரை வினாவி, தம் நிலையே விடையாகக் காட்டப்பெற்று, அக்கணமே அவர் திருவடியிற் பணிந்து அருணந்தி சிவாசாரியராயினர். மூப்பும் கல்வியும் தடைசெய்யவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான முனிவர், 1785-இற் பரிபூரணம் எய்தியவர், பிறர் நூலை ஆராய்ந்த இருவகையை ஒப்பிட்டுப் பார்த்தல் இப்பொருளுக்கு மிகவும் பயன்படும். அவ்வாதீனத்துச் சுவாமிநாத தேசிகர் மாணாக்கராகிய சங்கரநமச்சிவாயப் புலவர், ஊற்றுமலை மருதப்பத் தேவர் வேண்ட நன்னூலுக்கு ஒரு விருத்தியுரை செய்திருந்தனர். முனிவர் அவ்வுரையை எடுத்து, வேண்டாதன களைந்து, வேண்டுவன புகுத்தி, திருத்தவேண்டிய இடங்களைத் திருத்திப் புத்தம் புத்துரையாக்கினர். முன்னவர் பெயர் அழிக்கப்படவில்லை. இன்றும் அது சங்கரநமச்சிவாயர் செய்து சிவஞான முனிவர் திருத்திய உரை என்றே வழங்குகின்றது. எங்கே ஒருவர் கை முடிந்தது, எங்கே மற்றவர் கை தொடங்கிற்று எனப் பிரித்தறிதல் கற்றார்க்கும் எளிதன்று. அத்துணை ஒன்றிய கைகள் அவை.

அம்முனிவரே திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கத்தின் மேற் சூறாவளி என ஒரு மறுப்பெழுதினர். பெயரே அதன் இயல்பைச் சொல்லும். நுட்பத்தில் அதற்கு நிகரான மறுப்பு தமிழிற் சிலவே. இலக்கணம் பயில்வார் அதனைக் கற்றேயாகவேண்டும். எனினும், சங்கரநமச்சிவாயர் உரையிற் கண்ட குற்றங்களும் குற்றங்களே. அவற்றைக் களைந்தபோது காற்று எழவில்லை. நூலாசிரியர் இருவருமே முனிவருக்குக் காலத்தால் முற்பட்டவர்கள். இருவருமே எழுந்துவந்து விடைகூறும் நிலையில் இல்லாதவர்கள். ஒருவர் உரை தம் மடத்துச் சொத்து; அது செம்மையுற வேண்டும் என்ற பற்று முனிவருக்கு இருந்தது. மற்றவர் நூல் புறத்தே நின்றது. முனிவர் பெருமைக்கு இது குறை கூறியதன்று. ஆயினும் இவ்விரண்டனுள் தமிழுக்குப் பெரிதும் உதவியது எது என்று எம்மை வினாவின், தயங்காது நன்னூல் விருத்தியையே கூறுவேம்.

அவ்வாதீனத்திலேயே மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் காலத்து நிலையை உ. வே. சாமிநாதையர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இருபாகமாக வெளியிட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தாலும், தம் வரலாற்றாலும் அறியலாம். தை மாதத்து மகரத் தலைநாட் குருபூசைக்குப் பல நாட்டுப் புலவரும் வந்து கூடுவர். புதிதாகச் செய்யுள் கொணர்ந்தாரைத் தேசிகர் படிக்கச் செய்து கேட்பர். நயம் உள்ளவிடத்து மீளவும் படிக்கச் சொல்வர். அவரே வடமொழியும் தென்மொழியும் வல்லவராகலின், அவர் முன்னிலையிற் பொருளின்றி ஒரு சொல் நில்லாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) புராணங்களை வாயாற் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். 1871-இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த சாமிநாதையர் பின்னர் அவ்வேடெழுதும் பணியும் செய்தார். அவரைச் சூழ்ந்த கூட்டத்திற் கிறித்தவராகிய வேதநாயகம் பிள்ளை நண்பராயும், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் மாணவராயும் இருந்தனர். தமிழ் கேட்கும் அவையிற் சமயம் வாயிற்காவல் செய்யவில்லை.

தலபுராணம் அரங்கேற்றுவது பெரும்பாலும் அவ்வத்தலத்துத் திருக்கோயில் மண்டபத்தேயாம். நாள்தோறும் சில படலங்கள் படித்துப் பொருள் கூறப்படும். வடமொழி மூலத்தை அறிந்த சாத்திரிகள் கதை வழுவாமையை நோக்குவர். ஓதுவார்கள் திருமுறைக் கருத்து அமைந்தவாற்றை நோக்குவர். ஊரார் தம் ஊர்த் தீர்த்தமும் மரமும் தெருவும் சரியாகச் சொல்லப்பட்டனவா என நோக்குவர். இம்மூன்றாவது திறத்தாரைப் புலவர்கள் எளியராக எண்ணியதில்லை. ஆற்றின் எக்கரையிற் கோயில் உளது என்பதில் ஊரானை வெல்லும் இலக்கணம் யாண்டும் இல்லை!

எம் தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலைக்கும் சைவ எல்லப்ப நாவலர் தீர்த்தகிரிப் புராணம் பாடியிருக்கின்றார். அருணகிரிநாதர் திருப்புகழும் அம்மலைக்கு உண்டு. அருணாசல புராணமும் செவ்வந்திப் புராணமும் பாடிய பெரும்புலவர் இம்மலைநாட்டுத் தலத்துக்கும் பாடினார் என்பது எம்மனோர்க்குப் பெருமை. தகடூர் எனப் பண்டு பெயர் பெற்ற இவ்வூர்ப்பக்கம், குற்றங் கூறும் முறைக்கும் ஒரு பழைய சான்று உடையது. அதியமான் நெடுமானஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, இவை மாலைசூட்டி நெய்பூசிக் காவலில் அழகாயிருக்கின்றன, எம் அரசன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்னும் கருத்துப்படப் பாடிய புறநானூற்றுச் செய்தியை அன்பர்கள் அறிவர். புகழ்ந்தது போலப் பழித்து, பழித்தது போலப் புகழ்ந்தார். தொண்டைமானுக்கு இது பொருந்தும், அவன் பகைவன். உடன்கற்றோன் செய்யுளுக்கு இம்முறை ஆகாது. அவனிடம் வெளிப்படையே வேண்டும்.

யாம் இளமையிற் பயின்ற மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செய்யுள் எழுதினவன் தானே படிக்கலாகாது; உடன்பயில்வான் ஒருவன் கையில் ஏட்டைக் கொடுத்துவிட வேண்டும். தன் செய்யுளைத் தானே படிப்பவன் சீர் குறைந்தவிடத்துக் குரலை நீட்டி நிரப்பிவிடுவான். பிறன் படிக்குங்கால் ஓட்டை ஓட்டையாகவே கேட்கும். கேட்ட ஒவ்வொருவனும் ஒரு வினாவேனும் வினாவவேண்டும். வினா இல்லை என்பவன் கேட்கவில்லை என்றே பொருள்கொள்ளப்படும். எழுதினவன் அன்றே விடையிறுக்க வேண்டுவதில்லை. மறுநாட் காலை வரை தவணை உண்டு. குமரகோட்டத்து வரலாற்றை ஒட்டியே அத்தவணை வைத்தார்களோ என அப்போது யாங்கள் சொல்லி நகைப்பதுண்டு.

அச்சு வந்தபின் இவை மாறின. முதலில் அச்சு இக்கூட்டுறவைக் கெடுக்கவில்லை, 1868-இற் சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது, ஆறுமுக நாவலர் அதனைப் பரிசோதித்து உதவினார். வீரசோழியமும் 1881-இற் பிள்ளையாலேயே அச்சேறிற்று. ஆனால் நூல் அவைக்கு வருமுன் அச்சுக்கூடத்துக்குப் போகும் வழக்கம் நாளடைவில் ஏற்பட்டது. அவையிற் கேட்கவேண்டிய கடா கண்டனப் பத்திரமாய்த் தெருவுக்கு வந்தது. 1869 தொடங்கி நெடுநாள் நிகழ்ந்த அருட்பா மருட்பாப் பூசலில் இருதிறத்தாரும் சைவரே. இருதிறத்து வெளியீடுகளையும் இன்று படிப்பார், பொருளாராய்ச்சி இருந்த பக்கங்களைக் காட்டிலும் வசை மிகுந்த பக்கங்களையே மிகுதியாகக் காண்பர். கடா இவ்வாறு பிரிந்துபோகவே, சாற்றுகவி தனித்து நின்றது. முன்னே அது கடாவெல்லாம் தீர்ந்தபின் எழுந்த சான்று. பின்னே, நூலை முழுதும் நோக்காதாரும் நண்பர் முகத்துக்காக வழங்கும் உபசாரமாயிற்று. சாற்றுகவியின் வழித்தோன்றலாகிய அணிந்துரையின் நிலையைச் சொல்லவேண்டா. எம் ஊரில் இளைஞர் சிலர், கட்டடம் முடிந்த புத்தகத்தைக் கொணர்ந்து ஐயா குறை இருந்தாற் சொல்லுங்கள் என்கின்றனர். ஆயிரம் படி அச்சான பின்னர்க் குறையைச் சொல்லி ஆவது என்? கையெழுத்துப் படியாகக் கொணரின் இருநாள் உடனிருந்து பார்க்கலாமே என்றால், அதற்கு நேரமில்லை என்பர்.

அச்சுக் காலத்திலும் பழைய முறை சிலரிடத்தே நின்று பயன் விளைத்தமைக்கு ஒரு வரலாறு சொல்லி அமைவாம். 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றார். (எம் தருமபுரி அன்று சேலத்தைச் சேர்ந்தது, 1965-இலேதான் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் முதலியாரை எம் பக்கத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் எமக்கோர் ஆசை.) அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றை ஐயர் நெடுநேரம் எடுத்துரைக்க, முதலியார் வியவாது, இவற்றிற்கு மூலமாயுள்ள பழைய நூல்களைப் பார்த்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என வினாவினர். அவ்வினா ஐயருக்கு உறுத்திற்று. ஆயினும் வெகுளாது, முதலியார் கொடுத்த படியை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். சைவ மடத்துப் பயிற்சியால் விளங்காதன பல அதில் இருந்தன. கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடி, அவர்கள் வீட்டுக்குச் சென்று, தாம் கொண்ட பொருளைச் சொல்லி, அவர்கள் திருத்தக் கேட்டார்.

1887-இற் சிந்தாமணி வெளிவந்தது. உடனே பிழை காட்டுவோர் சிலர் கண்டனங்களை அச்சிட்டுப் பரப்பினர். ஐயர் மனம் நொந்து மறுப்பெழுதக் கருதியபோது, கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையர் அதனைத் தடுத்து, அக்காலத்தை வேறு நூற்பதிப்பிற் செலவிடுமாறு அறிவுறுத்தினார். ஐயர் அவ்வாறே செய்தார். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் வந்தன. சிந்தாமணிப் படியை மாத்திரம் அவர் மூடிவைக்கவில்லை. புதிதாகக் கிடைத்த ஏடுகளோடு ஒப்பிட்டும் கற்றாரை வினாவியும் திருத்திக்கொண்டே இருந்தார். இரண்டாம் பதிப்பு 1907-ஆம் ஆண்டு வெளிவந்தது. இருபதிப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பார் அத்திருத்தங்களைக் காணலாம்.